சும்மாக் கம்பிக் காப்பு

சூலூர் பேக்கரிக்காரர் சென்னியப்பன் சட்டை மாற்றுகிறபோதெல்லாம் கதவைத் தாழ் போட்டுக்கொள்வார். அப்படியொன்றும் கூச்சப்படுகிற ஆள் இல்லை. பாய்லர் முன்னால் பனியனோடு நின்று ஊரே பார்க்க டீ ஆற்றுகிறவர்தான். சமாச்சாரம் வேறு. அவருடைய எல்லாச் சட்டைகளிலும் இடது கை மடிப்புக்குள் ஒரு சின்னப் பை உண்டு, அவரே கோணல்மாணலாகத் தைத்தது. அதற்குள் பழைய இயர்போனைப் பிரித்தெடுத்த ஒரு துக்கினியூண்டு காந்தம். அழுக்குச் சட்டையிலிருந்து சலவைச் சட்டைக்கு அதை மாற்றுகிற நேரத்துக்குத்தான் அந்தத் தாழ்ப்பாள். ஒரு தடவை மறந்துபோய்த் துவைக்கப் போட்டுவிட்டார். சட்டை வாஷிங் மெஷினின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. மனைவி கமலவேணி வருவதற்குள் அதைப் பிடுங்க அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

ஒரு காந்தத்துக்கா இத்தனை பயம் என்று கேட்டால், ஆமாம், பயம்தான். அந்தக் காந்தம் இருப்பது தெரிந்தால் சென்னியப்பன் பெண்டாட்டிக்குத் துரோகம் செய்தவர் என்று ஊரே சொல்லும். அவர் ஒரு துரோகமும் செய்ததில்லை. அதற்கு நேரமும் இல்லை, பேக்கரி வைத்திருக்கிறவருக்கு.

எல்லாம் சும்மாக் கம்பி செய்த வேலை.

செம்புக் கம்பியில் மின்சாரம் ஓடினால் கம்பி அதைத் தடுத்துக்கொண்டே இருக்கும். தடுக்கத் தடுக்கக் கம்பி சூடாகும், சூடான அளவுக்கு மின்சாரம் வீணாகும். இது நம் பள்ளிக்கூடப் பாடம். பிறகு எவரோ ஒரு புண்ணியவான் தடையே இல்லாத ஒரு கலவைக் கம்பியைக் கண்டுபிடித்தார். விஞ்ஞானிகள் அதற்கு வைத்த பெயர் வாயில் நுழையாது. நம் லைன்மேன்கள் ஒரே நாளில் வைத்த பெயர் சும்மாக் கம்பி. மின்சாரம் அதில் சும்மா போகும், சும்மா வரும், கம்பி எதையும் பிடித்துக்கொள்ளாது. கம்பங்களில் அதை மாற்றிக் கட்டியதும் டிரான்ஸ்பார்மர் வெடிப்பது நின்றது, வயர் உருகுவது நின்றது, மத்தியானப் பவர்கட் என்பதையே பிள்ளைகள் மறந்துபோனார்கள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நம் ஆட்கள் எதை நிறுத்தியிருக்கிறார்கள்? அந்தக் கம்பியை வளையமாக வளைத்து ஒரு தரம் மின்சாரத்தை ஓடவிட்டால், பேட்டரி வேண்டாம், பிளக் வேண்டாம், அது பாட்டுக்குச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கும். தடுப்பதற்கு ஆள் இல்லாதபோது அது எதற்கு நிற்க வேண்டும்? ஒரு நகைக்கடைக்காரர் இதைக் கேள்விப்பட்டார். அந்த வளையத்துக்குப் பொன்முலாம் பூசிக் காப்பாக்கினார். ‘மனசு மாறாத வரைக்கும் ஓடும்’ என்று விளம்பரம் போட்டார். அடுத்த வைகாசிக்குள் கொங்கு நாட்டில் ஓட்டக் காப்பு போடாத கல்யாணம் கல்யாணமே இல்லை என்றாகிவிட்டது.

ஓடுகிறதா என்று பார்ப்பதற்கு ஒரு முள்ளுப் பெட்டி. வேறொன்றுமில்லை, திசை காட்டும் காந்த முள்ளை ஒரு வெள்ளிச் சிமிழுக்குள் போட்டு வைத்தது. மின்சாரம் ஓடுகிற காப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் முள் வடக்கை விட்டு வளையத்தைப் பார்த்துத் திரும்பும். திரும்பினால் தம்பதி உத்தமர்கள். திரும்பாவிட்டால் யாரோ யாரையோ ஏமாற்றியிருக்கிறார்கள். காதுகுத்து, சீர், வளைகாப்பு, எங்கே போனாலும் வெற்றிலைத் தட்டுக்கு அடுத்ததாக முள்ளுப் பெட்டி வந்துவிடும்.

கொதிக்கிற சூடு பட்டால் ஓட்டம் நின்றுவிடும் என்று காப்போடு வந்த சீட்டில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. யார் படித்தார்கள்? காப்பு நின்றுபோனவர்கள் எல்லோரும் வெந்நீர் பட்டுவிட்டது என்று சொன்னார்கள். எல்லோரும் ஒன்றையே சொன்னதால் ஒருவரும் நம்பவில்லை.

சென்னியப்பனுக்குத் தூரத்துச் சொந்தமான ராசாமணிக்கு நடந்தது அதுதான். கட்டிக்கொடுத்த வீட்டில் இட்லிச் சட்டியைத் திறந்தபோது ஆவி அடித்தது. மணிக்கட்டில் கொப்புளம், காப்பில் ஓட்டம் இல்லை. புருஷனுக்குப் பெரியப்பா முறையான குப்பண்ணன் நடுவீட்டில் உட்கார்ந்து முள் பார்த்தார். “ஆவியில போச்சுங்க” என்றாள் ராசாமணி. கூட்டமே சிரித்தது. உறவு முறையில் சாட்சிக்குப் போயிருந்த சென்னியப்பனும் சேர்ந்து சிரித்தார். அவளை அன்றைக்கே பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதற்கப்புறம் ஒரு வருஷம் ஆகியிருக்காது. சென்னியப்பன் கை கழுவுவதற்காகக் காப்பைக் கழற்றிப் பால் சட்டியின் விளிம்பில் வைத்தார். அது உள்ளே விழுந்தது. கரண்டியால் துழாவி எடுத்து, துடைத்து, அடுப்படியில் ஒளிந்துகொண்டு முள் பார்த்தார். முள் வடக்கையே பார்த்துக்கொண்டு நின்றது.  கமலவேணியிடம் போய், பாலில் விழுந்துவிட்டது என்று சொல்ல வாயைத் திறந்தார். கூட்டம் சிரித்த சிரிப்பு காதில் கேட்டது, அதில் தன் சிரிப்பும் தனியாகக் கேட்டது. வாயை மூடிக்கொண்டார். அந்த வாரமே இயர்போனைப் பிரித்தார். அடுத்த வாரம் ராசாமணியைக் கூப்பிட்டுக் கடைப் பொறுப்பைக் கையில் கொடுத்தார். ஏன் என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இப்படியே ஓட்டிக்கொண்டு போயிருப்பார். மகள் கவின்மலருக்குக் கல்யாணம் கூடிவந்தது.

மாப்பிள்ளை மதிவாணன் நல்ல பையன். மாப்பிள்ளையின் அம்மா பூவாத்தாள்தான் மலைக்க வைத்தார். கோபியிலிருந்து பெண் பார்க்க வந்தவர், பஜ்ஜியைத் தொடுவதற்கு முன்னால் கைப்பையிலிருந்து முள்ளுப் பெட்டியை எடுத்தார். சென்னியப்பன் கும்பிடுகிற சாக்கில் சட்டைக் கையை நீட்டினார். முள் திரும்பியது. கமலவேணியின் காப்புக்கும் திரும்பியது. அதற்குப் பிறகுதான் அந்த அம்மாள் பஜ்ஜியை எடுத்தார்.

“எங்க பக்கம் பொண்ணூட்டு ஓட்டந்தானுங்க வாங்கறது” என்றார் பூவாத்தாள். “அப்பாவும் அம்மாவும் மணவறையில காப்பைக் கழட்டித் தட்டுல வெக்கோணும். அதுல இருந்துதான் பொண்ணு மாப்பிள்ளை காப்புக்கு ஓட்டம் எடுக்கோணும். ஓட்டம் எறங்கலீன்னா நாங்க தாலிய எடுக்க மாட்டமுங்க. சொல்லிப்போட்டேன், அப்பறம் வருத்தப்படக் கூடாது.”

எந்தப் புது விஷயம் வந்தாலும் அதன் பாரம் பெண் வீட்டார் தலையில்தானே வந்து உட்காரும். சென்னியப்பன் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். சட்டைக் கைக்குள் இருக்கிற காந்தத்தை மணவறைத் தட்டுக்கு எப்படிக் கொண்டுபோவது என்று உள்ளே மனசு அடித்துக்கொண்டது. அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. பெற்ற பெண்ணின் கல்யாணம், ஒரு சட்டிப் பாலில் போய்விடும் போலிருந்தது.

கவின்மலர் சும்மாக் கம்பி செய்கிற தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தாள். ஒருநாள் சாயங்காலம் கடைக்கு வந்து பப்ஸ் தின்றுகொண்டிருந்தவளிடம், ஏதோ பொதுவாகக் கேட்பதுபோல அவர் கேட்டார்.

“ஏன் அம்மிணி, அந்தத் தட்டுல என்னதான் நடக்குது? நம்ம காப்புல ஓடறது எப்படிப் புதுக் காப்புக்குப் போகுது?”

“ஓடற மின்சாரம் தன்னைச் சுத்திக் காந்தமாட்டம் இருக்குமுங்ப்பா. அதனாலதான் முள்ளு திரும்புது. புதுக் காப்பு சும்மாக் கம்பியா இருக்கறப்ப அந்தக் காந்தத்தை வளையத்துக்குள்ள விடாது. கொதிக்கற தண்ணியில போட்டம்னா அது சாதாக் கம்பி ஆயிரும். தடை வந்துரும். அப்பக் காந்தம் உள்ள பூந்துக்கும். அப்படியே ஆறவெச்சா மறுபடி சும்மாக் கம்பி. உள்ள வந்ததை விடமாட்டேன்னு புடிச்சுக்கும். பழைய காப்பை எடுத்தாலும், புடிச்சதைப் புடிச்சபடி வெச்சுக்கறதுக்கு அதுல மின்சாரம் ஓட ஆரம்பிச்சுரும். பழைய காப்புல ஒண்ணும் குறையாது. ஒரு வெளக்குல இன்னொரு வெளக்கைப் பத்த வெக்கற மாதிரி.”

“அப்ப, ஓடிட்டிருக்கற காப்பைக் கொதிதண்ணியில போட்டா?”

“நின்னு போகும்.”

“இதை எதுக்கு யாரும் நம்பறதில்ல?”

பப்ஸ் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டு அவள் சொன்னாள். “நாங்க நோட்டீசே அடிச்சுக் குடுத்தமுங்ப்பா. தப்புப் பண்றவங்களுக்குக் கம்பெனியே சாக்கு எடுத்துக் குடுக்குதுன்னு பேசிக்கிட்டாங்க.”

கல்லாவில் இருந்த ராசாமணி திரும்பாமலே சொன்னாள். “ஓட்டம் வாங்கறதுக்கு வெந்நி வேணும். வெந்நியில போச்சுன்னா மட்டும் நம்ப மாட்டாங்க.”

சென்னியப்பன் டீயை ஆற்றினார். ஆற்றி முடித்த டீயையே திரும்பவும் ஆற்றினார்.

“இந்தத் தடையைத்தான் எல்லாரும் கரிச்சுக் கொட்டறாங்க” என்றாள் கவின்மலர். “தடை இல்லாத கம்பியில நூறு வருசம் ஓடட்டுமே, ஒரு டம்ளர் டீ காய்ச்ச முடியுமா? உங்க பாய்லருக்குள்ள இன்னும் பழைய கம்பிதான் இருக்குது. மொறைக்கற கம்பியிலதானுங்ப்பா சூடு வரும்.” எழுந்து கை துடைத்துக்கொண்டே, நினைவு வந்தவள்போல ஒன்று சொன்னாள். “அந்தத் தட்டுல மஞ்சக் கெழங்கும் வெப்பாங்க. அதையெல்லாம் யாரும் எடுத்துப் பாக்கறதில்ல.”

அவள் போனபிறகும் அந்தக் கடைசி வார்த்தை சென்னியப்பன் காதிலேயே நின்றது.

பழைய கம்ப்யூட்டரைப் பிரித்து ஒரு நல்ல காந்தத்தை எடுத்தார். கட்டைவிரல் நகம் அளவுதான், ஆனால் ராட்சசப் பிடி. பேக்கரியின் பின்கட்டில் உட்கார்ந்து பருத்த விரலி மஞ்சள் ஒன்றைக் குடைந்தார். முதல் கிழங்கு உடைந்தது. இரண்டாவதில் காந்தம் புகுந்தது, ஆனால் குடைந்த கத்தி கிழங்கை விட்டு வரவில்லை. கத்தியைப் பிடுங்குவதற்குள் தட்டிலிருந்த பன் இடுக்கி வந்து ஒட்டிக்கொண்டது. எல்லாவற்றையும் பிரித்து, ஓட்டையை மெழுகால் அடைத்து, மஞ்சள் பொடி பூசி முடித்தபோது விரல்களெல்லாம் மஞ்சளாகிவிட்டன. கமலவேணி பார்த்தாள். கேட்கவில்லை. அந்த நாட்களில் அவளும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தாள். பூஜையறையில் தனியாக உட்கார்ந்து எதையோ சுரண்டிக்கொண்டிருப்பாள், இவர் வந்தால் முந்தானையில் மூடிக்கொள்வாள். மகளைப் பிரிகிற ஏக்கம் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

கல்யாணத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. மணவறைக்குப் பக்கத்தில் ராசாமணி கொதிக்கிற வெந்நீர்ப் பாத்திரத்தோடு நின்றாள். வாழ்வு போனவள் மணவறை ஏறலாமா என்று இரண்டு கிழவர்கள் முணுமுணுத்தார்கள். வெந்நீர் வைக்க எங்கள் பேக்கரிக்காரியை விட்டால் ஆள் இல்லை என்று கவின்மலர் மாலையும் கழுத்துமாக அடித்துப் பேசிவிட்டாள். பெண், மாப்பிள்ளை காப்புகள் இரண்டும் அந்த வெந்நீருக்குள் கிடந்தன.

பித்தளைத் தட்டை நடுவில் வைத்தார்கள். வெற்றிலை, பழம், மஞ்சள், பாக்கு. சென்னியப்பன் காப்பைக் கழற்றித் தட்டின் இந்தப் பக்கம் வைத்தார், வைக்கிற கையோடு தன் மஞ்சள் கிழங்கை அதற்குள் தள்ளினார். கமலவேணி தன் காப்பை அந்தப் பக்கம் வைத்தாள். அவளுடைய காப்புக்குள் ஒரு பெரிய கொட்டைப் பாக்கு இருந்தது. ஆளாளுக்குத் தட்டை அலங்கரிப்பது வழக்கம்தானே என்று அவர் அதைக் கவனிக்கவில்லை.

“ரெண்டு காப்பையும் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குங்க” என்றார் பூவாத்தாள்.

சென்னியப்பன் தன் காப்பை நடுவுக்கு நகர்த்தினார். கமலவேணியும் நகர்த்தினாள். அப்போது மஞ்சள் கிழங்கு மெல்லத் தலையைத் திருப்பியது.

முதலில் அவர் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டார். கிழங்கு வெற்றிலையின் மேல் ஊர்ந்தது. அந்தப் பக்கத்திலிருந்து கொட்டைப் பாக்கு உருண்டு கிளம்பியது. நடுத் தட்டில் இரண்டும் சந்தித்து, டக் என்று ஒட்டிக்கொண்டன. நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்குகிற நேரமாக அது அமைந்துபோனதால் அந்த டக் நன்றாகவே கேட்டது.

சென்னியப்பன் கமலவேணியைப் பார்த்தார். கமலவேணி சென்னியப்பனைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவர்கள் ஒருவரையொருவர் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. பிறகு இருவரும் சேர்ந்து பூவாத்தாளைப் பார்த்தார்கள். அந்த அம்மாள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணம் போச்சு என்று சென்னியப்பன் முடிவே கட்டிவிட்டார். மகளின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

பூவாத்தாள் முள்ளுப் பெட்டியை எடுத்துக்கொண்டு குனிந்தார். முள் பைத்தியம் பிடித்ததுபோலச் சுழன்றது. இன்னும் கொஞ்சம் குனிந்தார். அவருடைய வலது கை தட்டை நோக்கி ஒரு வெட்டு வெட்டி இழுக்கப்பட்டது. டக். அவர் காப்பில் சுற்றியிருந்த மஞ்சள் நூலுக்கு அடியிலிருந்த ஏதோ ஒன்று, பாக்கின் மேல் போய் ஒட்டிக்கொண்டு நின்றது.

கையைத் தூக்கினார். கிழங்கும் பாக்கும் கூடவே எழுந்தன. கையை இறக்கினார். அவையும் இறங்கின.  பின்னாலிருந்து யாரோ, “என்னங்க, முள்ளு திரும்புதுங்களா?” என்று கேட்டார்கள்.

பூவாத்தாள் நிமிராமலே, மண்டபம் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார். “ஜோராத் திரும்புதுங்க. இந்த மாதிரி முள்ளு திரும்பி நான் பாத்ததே இல்ல. மேளக்காரரே, வாசிங்க.”

ராசாமணி இடுக்கியால் புதுக் காப்புகளை வெந்நீரிலிருந்து எடுத்து அடுக்கின் மேல் வைத்தாள். சூட்டில் பூவாத்தாளின் விரல் பதைத்தது. ஆனாலும் அந்த அம்மாள் கையை எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை என்பது நாலைந்து பேருக்கு மட்டும் தெரியும். “நாங் கைய வெச்சு ஆசீர்வாதம் பண்றேன், ஆறட்டும்” என்றார். மாப்பிள்ளையின் அம்மா பெண்ணின் காப்பு மேல் கைவைத்து ஆசீர்வதிப்பதைப் பார்த்துப் பெண் வீட்டுப் பெண்கள் கண் கலங்கினார்கள். போட்டோக்காரர் நாலாபுறமும் சுற்றி எடுத்துத் தள்ளினார். இன்றைக்கும் அந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளையின் அம்மா தட்டில் கைவைக்கிற சடங்கு ஒன்று இருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ரொம்பப் பழைய வழக்கம் என்பார்கள்.

காப்புகள் ஆறின. கவின்மலர் தன்னுடையதை எடுத்துத் தட்டை விட்டு எட்டத்தில் போய் நீட்டினாள். மாப்பிள்ளையின் தாய்மாமன் வேறொரு முள்ளுப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். முள் துள்ளித் திரும்பி வளையத்தைப் பார்த்து நின்றது. தாலி ஏறியது.

பந்தி நடந்துகொண்டிருந்தபோது சென்னியப்பன் மனைவியை மணமகள் அறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

“உன்றது எப்ப நின்னுது?”

“உங்க வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போடறப்பக் கழட்டி வெச்சனுங்க. மறந்தாப்பல அது மேலயே பெட்டிய வெச்சுப்போட்டேன். கவின் அப்ப எட்டாவது படிச்சிட்டிருந்தா.” கமலவேணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “உங்களுது?”

“பால் சட்டியில விழுந்துது. அதே வருசந்தான்.”

“அப்பவே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல்லீங்க?”

“நீ சொல்லியிருக்கலாம்ல்ல? நானென்ன உன்ன நம்பாமயா போயிருப்பேன்?”

 அவள் மெதுவாகச் சொன்னாள். “அன்னிக்கு ராசாமணி அழுதுட்டு நின்னப்ப நீங்க சிரிச்சீங்க. நான் பக்கத்துலதான் இருந்தேன்.”

சென்னியப்பனுக்கு யாரோ பிடரியில் அடித்த மாதிரி இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரே வீட்டுக்குள் ஒரே பொய்யை ஆளுக்கொரு மூலையில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். அவளுக்குப் பயந்து அவர், அவருக்குப் பயந்து அவள். வெட்கமாக இருந்தது. அதைவிட, இத்தனை வருஷமும் அவள் தனியாகப் பயந்துகொண்டிருந்தாளே என்று துக்கமாக இருந்தது.

கதவைத் தட்டிக்கொண்டு கவின்மலர் உள்ளே வந்தாள். அப்பா முகத்தையும் அம்மா முகத்தையும் பார்த்தாள்.

“பேசி முடிச்சாச்சுங்களா?”

“கண்ணு, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்” என்று ஆரம்பித்தார் சென்னியப்பன். “உன்ற காப்புல ஓடறது...”

“தெரியுமுங்ப்பா. உங்க சட்டைக் கையில எப்பவும் என்ற ஹேர்பின் ஒட்டிக்கும். அம்மா காப்புல ஊக்கு ஒட்டிக்கும். பள்ளிக்கூடம் போறப்பவே தெரியும். உங்ககிட்ட மஞ்சக் கெழங்குன்னு சொன்ன மாதிரி அம்மாகிட்டக் கொட்டப்பாக்குன்னு சொல்லி வெச்சதும் நாந்தான். ரெண்டும் நடந்து வந்து ஒட்டிக்கும்னுதான் எதிர்பாக்கல. அத்தை வந்து மாட்டுவாங்கன்னும் எதிர்பாக்கல.”

“அப்ப உன்றதும் பொய்தானா சாமி?” என்றாள் கமலவேணி.

கவின்மலர் சிரித்தாள். “இல்லீங்ம்மா. என்றதுல நெசமாவே ஓடுது. உள்ள பூந்தது காப்போட காந்தமா, பாக்குக்குள்ள இருந்த காந்தமான்னு கம்பிக்கு என்ன தெரியும்? ஆறறப்ப எது இருந்துதோ அதப் புடிச்சுக்கிச்சு. ஊர்லயே பலமான ஓட்டம் என்றதுதான்.”

சென்னியப்பன் வாயைப் பிளந்தார். “அப்ப நானும் ஒரு டம்ளர் வெந்நியில காப்பப் போட்டு, உள்ளுக்குள்ள காந்தத்த வெச்சு ஆறவிட்டிருந்தா?”

“அன்னிக்கே ஓடியிருக்கும்.”

அத்தனை சட்டைப் பைகளையும் கண் மங்கத் தைத்தது அவர் நினைவுக்கு வந்தது. கமலவேணிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அழுத முகத்தோடு அவள் சிரிக்கச் சிரிக்க, வேறு வழியில்லாமல் அவரும் சிரித்தார்.

மறுவீட்டுக்கு வந்த மகள், சமையலறையில் வெந்நீர் வைத்து இரண்டு காப்புகளுக்கும் ஓட்டம் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். ஊசி, நூல், காந்தம் எதுவும் இல்லாமல் முள் திரும்பியது. கமலவேணி திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்து மகிழ்ந்தாள். சென்னியப்பன் மட்டும் தன் காப்பைப் பார்த்துக்கொண்டே யோசனையில் இருந்தார்.

“வேணி, நான் கடைக்குப் போயி ஒண்ணு பண்ணப்போறேன். பண்ணுனா இது மறுபடி நின்னுபோகும். ஊரே வேடிக்கை பாக்கும்.”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கேட்க வேண்டியிருக்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டாள். “நானும் வாரனுங்க” என்றாள்.

காலை டீக் கூட்டம் கடையில் கூடியிருந்தது. வழக்கம்போல முன்பெஞ்சில் குப்பண்ணன். நடுவீட்டில் உட்கார்ந்து ராசாமணிக்கு முள் பார்த்த அதே குப்பண்ணன். ராசாமணி அவருக்கு டீயைக் கையில் கொடுப்பதில்லை, மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். சென்னியப்பன் சட்டையைக் கழற்றிப் பனியனோடு நின்றார்.

“அண்ணா, உங்க முள்ளுப் பெட்டியக் குடுங்க. எல்லாரும் பாத்துக்குங்க, கையில ஒண்ணுமில்ல.”

காப்பைக் கழற்றி மேஜையில் வைத்து முள்ளைக் காட்டினார். திரும்பியது. பாய்லர் குழாயைத் திறந்து ஒரு குண்டாவில் கொதிநீர் பிடித்தார். காப்பை உள்ளே போட்டார். கூட்டத்தில் ஒருத்தி, “ஐயோ” என்றாள். இடுக்கியால் எடுத்து, ஈரத்துணியில் ஆறவைத்து, பெட்டியைப் பக்கத்தில் கொண்டுபோனார். முள் வடக்கைப் பார்த்து நின்றது.

“கட்டுன பொண்டாட்டி இதா நிக்கறா. இந்த நிமிசத்துல நான் யாரையும் ஏமாத்துல” என்றார் சென்னியப்பன்.  “ராசாமணி அன்னிக்குச் சொன்னது நெசமுங்க. சிரிச்சவங்கள்ல நானும் ஒருத்தன். என்ற காப்பும் இப்படித்தான் நின்னுது. சொல்றதுக்கு எனக்குத் தைரியம் இல்லாமப் போச்சு.”

கமலவேணி தன் காப்பைக் கழற்றினாள். குண்டாவுக்குள் போட்டாள்.

யாரும் சிரிக்கவில்லை. பாய்லர் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. ராசாமணி கல்லாவில் நின்று, ஏற்கெனவே அடுக்கியிருந்த பிஸ்கட் பாக்கெட்டுகளைக் கலைத்துத் திரும்ப அடுக்கினாள். 

அப்போது குப்பண்ணன் எழுந்தார். தன் சட்டைக் கையின் மடிப்பைப் பிரித்து, உள்ளேயிருந்து ஏதோ ஒன்றை எடுத்துப் பன் வைக்கிற இரும்புத் தட்டில் வைத்தார். வைப்பதற்குள் அதுவே தாவிப் போய் ஒட்டிக்கொண்டது.

“குளிக்கற அண்டாவுல போச்சு அம்மிணி” என்றார் அவர், ராசாமணியைப் பார்க்காமல். “உன்றது நிக்கறதுக்கு முந்தின வருசம்.”

ராசாமணி அவரை ரொம்ப நேரம் பார்த்தாள். கடையில் எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவள் கல்லாவை விட்டு வந்து, பாய்லரிலிருந்து ஒரு டீ பிடித்து, முதல் தடவையாக அதை அவர் கையிலேயே கொடுத்தாள்.

“சூடா இருக்குதுங்க” என்றாள். “பாத்துக் குடிங்க.”